முன்பணம் கைமாறிய பிறகு: வீடு புதுப்பிப்பில் நம்மவர்கள் சிக்கும் இடம்

தீபாவளிக்குள் சமையலறை முடிந்துவிடும் என்பதுதான் பேச்சு. 40,000 ரிங்கிட் வேலைக்கு 20,000 ரிங்கிட் முன்பணம். முதல் வாரம் நான்கு பேர் வந்து பின்சுவரை இடிக்கிறார்கள். இரண்டாம் வாரம் இரண்டு பேர். பிறகு மழை என்கிறார்கள், ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திக்குப் பதிலே இல்லை. பின்புறம் தார்ப்பாய் கட்டிய வீட்டில் பெருநாள் வந்து போகிறது.

தாமான்களில் இந்தக் கதை தெரியாத தெரு குறைவு. ஊரும் தொகையும் மட்டும் மாறும். கேட்பவர்கள் உடனே 'ஏமாத்திட்டான்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சிலரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் எல்லாக் குத்தகையாளர்களும் ஏமாற்ற வேண்டும் என்று திட்டமிட்டு வருவதில்லை. பணம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்தால்தான் பிரச்சினையின் வேர் தெரியும்.

ஒரு லாரி, இரண்டு கொத்தனார், கைப்பேசி எண் அச்சிட்ட ஓர் அட்டை. சிறு குத்தகையாளர் பலரின் முதலீடு இவ்வளவுதான். வங்கி அவருக்கு எளிதில் கடன் தராது. வன்பொருள் கடையில் பழைய பாக்கி நிற்கிறது. ஆட்களுக்கு வாரக் கூலி கொடுத்தாக வேண்டும். ஆகவே புதிய வீட்டில் வாங்கும் முன்பணம், பாதியில் நிற்கும் முந்தைய வீட்டின் ஓட்டுக்கும் தரைக்கல்லுக்கும் போகிறது. இந்த வீட்டை முடிக்க இன்னொரு புதிய வீடு வேண்டும். சங்கிலி ஓடும்வரை எல்லா வீடும் எப்படியோ முடிகிறது. இரண்டு மாதம் புதிய வேலை வராவிட்டால், அல்லது சிமெண்ட், இரும்பு விலை ஏறிவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய வீடு மாட்டிக்கொள்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு, வந்தவர் மோசடிக்காரரா, நொடித்துப் போனவரா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. போன பணம் போனதுதான்.

இதில் நம் சமூகத்துக்கே உரிய ஒரு பின்னணியும் உண்டு. தோட்டத்தில் வீடு நிர்வாகத்தினுடையது. கூரை ஒழுகினால் ஆபீசில் கிராணியிடம் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆசாரி வருவார், வராமலும் போவார். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, குறைந்தபட்ச வசதிகள் சட்டமும் வீட்டைப் பராமரிக்கும் பொறுப்பை முதலாளியிடம்தான் வைத்தது. தலைமுறை தலைமுறையாக விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, வேலையைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க வேண்டிய தேவை தோட்டத்து மக்களுக்கு வரவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, மலிவு விலை வீட்டுக்கு வந்த பிறகுதான் பலர் முதன்முறையாக வீட்டுக்காரர் ஆனார்கள். அந்த வீட்டைப் பெரிதாக்கும் பணமோ பெரும்பாலும் ஊழியர் சேமநிதி. 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும் தொகை அது. 2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டவர்கள் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எந்தக் காரணமும் சொல்லாமல் பணம் எடுக்கலாம் என்பதால், வயது வராதவர்களின் சேமிப்பும் இப்போது இதற்கு வருகிறது. இன்னொரு முறை சேர்க்க முடியாத பணம், வாய்ப்பேச்சை நம்பிக் கைமாறுகிறது.

'நம்ம ஆளு, கோயில்ல பழக்கம்' என்ற அறிமுகம் தவறில்லை. பழக்கம் இருக்கும்போது தாள் கேட்டால் மரியாதைக் குறைவு என்ற கூச்சம்தான் தவறு.

அட்டையில் அச்சிட்டிருக்கும் பதிவு எண்ணைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அது பெரும்பாலும் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தின் எண். ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டினால் ஒரு வணிகப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதன் சொந்தக்காரருக்குச் சுவர் கட்டத் தெரியுமா என்று அந்த எண் சொல்லாது. கட்டுமானம் செய்கிறவர் பதிய வேண்டிய இடம் சிஐடிபி, அதாவது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதியாமல் கட்டுமான வேலை செய்தால் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஜி1 முதல் ஜி7 வரை தரங்கள் இருக்கின்றன. வீட்டுப் புதுப்பிப்புக்கு வருபவர்கள் பொதுவாகக் கீழ்த்தரங்களில் இருப்பார்கள், அதில் குறையொன்றும் இல்லை. பெயரை வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகள் கைப்பேசியில் செய்துவிடுவார்கள்.

பதிவு இருந்தாலும் முன்பணச் சங்கிலி அறுந்துவிடாது. அதை அறுப்பது பணம் கொடுக்கும் முறை. பாதிப் பணத்தை முதல் நாளே கொடுத்துவிட்டால், வீட்டுக்காரரின் கையில் கெஞ்சுவதைத் தவிர வேறு கருவி இல்லை. ஆட்கள் வந்து இறங்க ஒரு சிறு தொகை, அடித்தளமும் தூணும் முடிந்ததும் ஒன்று, கூரை ஏறியதும் ஒன்று, தரையும் குழாயும் மின்சாரமும் முடிந்ததும் ஒன்று என்று பிரித்தால், எந்த நாளில் வேலை நின்றாலும் போகக்கூடிய தொகை ஒரு கட்டத்துக்கானது மட்டுமே. 'சாமான் வாங்கப் பணம் இல்லை' என்று குத்தகையாளர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அப்போது கடைக்கு நேரே போய்ப் பணம் கட்டி, சாமானைத் தன் வீட்டு முகவரிக்கே இறக்கச் சொல்லலாம். அதற்கும் மறுப்பவரிடம், பணம் எங்கே போகப் போகிறது என்று கேட்கலாம். பெரிய கட்டடத் திட்டங்களில் 5 விழுக்காட்டைக் கடைசிவரை பிடித்துவைப்பது வழக்கம். சமையலறைக்கும் அதையே செய்யலாம். ஒழுகுகிறதா என்று ஒரு மழைக்காலம் சொல்லட்டும்.

அண்மையில் இன்னொரு வரியும் விலைப்பட்டியலில் ஏறிவருகிறது. 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்தது. ஆனால் குடியிருப்புக் கட்டடங்களின் கட்டுமானத்துக்கு விலக்கு உண்டு. ஆண்டு வருமானம் 1.5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களே பதிய வேண்டும், பதியாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. 6 விழுக்காடு எழுதியிருந்தால் சுங்கத் துறைப் பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

அனுமதி விஷயம் சுருக்கமானது, ஆனால் செலவு வைப்பது. வீட்டை நீட்டவும் சுவரை மாற்றவும் நகராண்மைக் கழகத்தின் அனுமதி தேவை. 'பெர்மிட் வேண்டாம், எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க' என்று சொல்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும். அடுக்குமாடியில் நிர்வாகக் குழுவின் அனுமதியும் வைப்புத்தொகையும் தனி. புதிய வீடு என்றால், சாவி வாங்கிய 24 மாதத்துக்குள் மேம்பாட்டாளர் சரிசெய்ய வேண்டிய பழுதுகளைப் படம் எடுத்துப் புகார் செய்த பிறகே சுவரை உடைப்பது நல்லது. உடைத்த பிறகு, எந்த விரிசல் யாருடையது என்ற சண்டைதான் மிஞ்சும்.

எல்லாம் தவறிய பின் எங்கே போவது? போலீஸ் புகார் செய்யலாம். ஆனால் ஒருவர் கொஞ்சமாவது வேலை செய்திருந்தால், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டுவது கடினம். 'இது சிவில் வழக்கு' என்று திருப்பி அனுப்பப்படுவது அதனால்தான். நம்மவர்கள் குறைவாகப் பயன்படுத்தும் வழி, திரிபுனல் என்று சொல்லப்படும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டாம். முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்த வரம்பு, 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட் ஆனது. ஆகவே சமையலறை, கழிவறை, கார் நிறுத்தும் கூரை போன்ற பெரும்பாலான வேலைகள் அதற்குள் அடங்கும். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாதது குற்றம். வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றம் வேறு, அது மேம்பாட்டாளர்களுக்கு எதிரானது. புதுப்பிப்பு வழக்கோடு அங்கே போனால் நாள்தான் வீணாகும்.

வழக்கறிஞர் இல்லாத அந்த அறையில் பேச வேண்டியது தாள்கள்தான்: கையெழுத்திட்ட விலைப்பட்டியல், வங்கி வழியாகக் கட்டிய பணத்தின் பதிவு, தேதி தெரியும் படங்கள், வாட்ஸ்அப் செய்திகள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத 20,000 ரிங்கிட்டை நிரூபிக்க மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும். மனுப் படிவத்தில் எதிர்த்தரப்பின் முழுப் பெயரும் முகவரியும் கேட்கப்படும். குத்தகையாளரைப் பல மாதம் 'அண்ணே' என்று மட்டும் கூப்பிட்டு, கைப்பேசி எண்ணை மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல்தான் திரும்புகின்றன. அடையாள அட்டை நகலையும் கடை முகவரியையும் கேட்க வேண்டிய நேரம், முதல் ரிங்கிட் கைமாறுவதற்கு முன்பு.