வழுவமைதிக்கு ஓர் எல்லை வேண்டாமா?

தமிழ் இலக்கணகாரர் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றைச் சொல்வர். பிழைபட வருவது வழு. பிழையற வருவது வழாநிலை. பிழையே ஆயினும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. ஒரு தாய் தன் மகளை "வாடா ராசா" என்று அழைத்தால் அது பால் வழு. ஆனால் உவப்பினால் வந்தது என்பதால் அமையும். காரணம் காட்டினால்தான் அமைதி. சும்மா அமையாது.

ஆங்கிலத்தில் 'பக்' எனப்படும் மென்பொருள் பிழைக்குக் கணினித் தமிழ் வளர்த்தோர் 'வழு' என்று பெயரிட்டனர். மிகப் பொருத்தமான பெயர். ஆனால் இயங்குதளங்களை விற்கும் பெருநிறுவனங்களோ, தமது வழுக்களைக் காரணம் எதுவும் கேளாமலே வழுவமைதியாக ஏற்றுக்கொள்ள எம்மைப் பழக்கிவிட்டன. கணினி உறைந்து நின்றால் அணைத்துவிட்டு மீண்டும் போடுகிறோம். யாரிடமும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய ஒரு கதையைச் சொல்கிறேன். 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இற்கான பெரிய இற்றைப்படுத்தல் ஒன்றை வெளியிட்டது. அதை நிறுவிய சிலருடைய ஆவணங்களும் புகைப்படங்களும் காணாமற் போயின. அதற்கு முன்னர், வெற்றுக் கோப்புறைகள் இரட்டிப்பாகத் தோன்றுகின்றன என்றொரு முறைப்பாடு இருந்தது. அதைத் தீர்க்க எழுதப்பட்ட நிரல், உள்ளே ஏதும் உண்டா என்று பாராமல் பழைய கோப்புறையையே அழித்தது. தமது கோப்புறைகளை வன்தட்டின் வேறு பகுதிக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களே அகப்பட்டனர். வெளியிட்ட நான்காம் நாள் விநியோகத்தை நிறுத்தினார்கள். திருத்திய பதிப்பு நவம்பர் 13ஆம் திகதிதான் வந்தது.

வழு நேர்ந்ததைக் காட்டிலும் எனக்குச் சினமூட்டுவது வேறொன்று. வெளியீட்டுக்குப் பல வாரங்கள் முன்னரே, முன்னோட்டப் பதிப்பைப் பாவித்த சிலர் 'கோப்புகள் அழிகின்றன' என்று அந்நிறுவனத்தின் பின்னூட்டத் தளத்திலேயே எழுதியிருந்தனர். அந்த முறைப்பாடுகளுக்கு ஆதரவு வாக்குகள் போதிய அளவு விழாததால் அவை மேலே வரவில்லை. தேர்தலில் வாக்கு எண்ணலாம். வீட்டில் தீப்பிடித்திருக்கிறது என்று ஒருவன் கூவினால், இன்னும் எத்தனை பேர் கூவுகிறார்கள் என்றா எண்ணுவது? (முறைப்பாட்டின் தீவிரத்தைக் குறிப்பிட ஒரு வசதியைப் பின்னர் சேர்த்தார்கள். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.)

பாதிப்புற்றோர் பத்தாயிரத்தில் ஒருவரே என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்நாளில் விண்டோஸ் 10 ஏறத்தாழ 700 மில்லியன் சாதனங்களில் இருந்தது. அதே விகிதத்தில் எல்லாவற்றையும் அது சென்றடைந்திருந்தால் 70,000 பேர்.

இந்த நிலை எப்படி வந்தது? 2014 யூலையில் மைக்ரோசொப்ட் 18,000 பேர் வரை வேலைநீக்குவதாக அறிவித்தது. பெரும்பகுதியினர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். ஆனால் விண்டோஸ் பிரிவில் பரிசோதனையையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் பலரும் அந்த அலையிற் போயினர். அதே ஆண்டு ஒக்டோபரில், முடிவுறாத பதிப்புகளைப் பொதுமக்கள் தாமே முன்வந்து பாவித்துக் குறை சொல்லும் திட்டம் ஆரம்பமானது. ஒப்புநோக்காளர்கள் ஆசிரியபீடத்துக்கு அருகிலேயே இருந்த காலத்தில் பத்திரிகைக்கு வந்தவன் நான். செலவைக் குறைக்க அவர்களை அனுப்பிவிட்டு, 'பிழை கண்டால் வாசகர்கள் அறியத் தரவும்' என்று போடும் வித்தை எனக்குப் புதிதல்ல. அறியத் தருகிற வாசகர் நல்லவர்தான். ஆனால் அவர் பத்திரிகை வீதிக்கு வந்த பிறகுதான் அதைப் பார்க்கிறார்.

நிற்க. முன்னைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. விண்டோஸ் 98 காலத்து நீலத்திரையை மறந்தவர் யார்? அப்பிளின் 'ஸ்னோ லெப்பர்ட்' 2009இல் புதிய வசதிகளைக் குவிக்காமல் உள்ளதைச் செம்மைப்படுத்தியது என்று இன்றும் புகழ்வார்கள். அதிலும் விருந்தினர் கணக்கினுள் நுழைந்து வெளியேறியபோது சொந்தக் கோப்புகளை இழந்தவர்கள் உண்டு. ஆனால் அக்காலத்தில் இறுவட்டை அச்சிட்டு அனுப்பிய பின் திருப்பி அழைக்க முடியாது என்ற பயமாவது இருந்தது. 'அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம்' என்ற வசதி வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

அப்பிள் மட்டும் என்ன திறம்? 2017 நவம்பரில், அதன் 'ஹை சியேரா' இயங்குதளத்தில் பயனர் பெயராக 'ரூட்' என்று எழுதி, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டே முழு அதிகாரத்துடன் உள்ளே போகலாம் என்று தெரியவந்தது. மறுநாளே திருத்தம் வெளியிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். அந்தத் திருத்தம் சிலருடைய கோப்புப் பகிர்வைக் குழப்பியது. மூன்று மாதங்கள் செல்வதற்குள், 2018 பெப்ரவரியில், தெலுங்கின் ஒரேயொரு கூட்டெழுத்து வந்தால் ஐபோன் செயலிகள் செத்துப்போகும் என்று கண்டார்கள். 'ஞானம்' என்ற சொல்லின் முதலெழுத்துடன் தொடர்புடைய வடிவம் அது! எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியின் எழுத்தைத் தாங்காத கருவியை உலகின் மிக விலையுயர்ந்த கைப்பேசிகளுள் ஒன்றாக விற்றார்கள்.

தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரி 260 குறிகளுக்கு மேற்படக்கூடாது என்பது விண்டோஸ் 95 காலத்து எல்லை. 2016இல் அதைத் தளர்த்த வழி செய்தார்கள்; ஆனால் அமைப்பை நாமே மாற்ற வேண்டும், செயலியும் இசைய வேண்டும். நமக்கு 'கு' ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு குறிகள். எனவே தமிழில் கோப்புக்குப் பெயரிட்டு, கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி வைப்பவர் அந்தச் சுவரில் விரைவாகவே முட்டுகிறார்.

கோடிக்கணக்கான கணினிகள், ஒவ்வொன்றும் ஒரு விதம், எல்லாவற்றையும் சோதிப்பது எங்ஙனம் என்பார்கள். உண்மைதான். ஆனால் விரும்பினால் முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர்களுக்கு, புதிய வசதியா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பையே தெரிவு செய்யுங்கள் என எழுதினார். விண்டோஸ் ஆக்கப் பணியையே நிறுத்திப் பழைய நிரல்களை ஆராய வைத்தார்கள். புழுக்களும் வைரசுகளும் பெரிய வாடிக்கையாளர்களை விரட்டிவிடுமோ என்ற அச்சம் அப்போது இருந்தது.

இப்போது எதற்கு அஞ்சுவார்கள்? விண்டோஸ் 10, 11 அனுமதி ஒப்பந்தத்தை வாசித்துப் பாருங்கள். நட்டம் நேர்ந்தால் மென்பொருளுக்குக் கொடுத்த விலைக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. பத்தாண்டுக் குடும்பப் படங்கள் போனாலும் அவ்வளவே.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய உற்பத்திப் பொறுப்புப் பணிப்புரை, மென்பொருளையும் ஓர் உற்பத்திப் பொருளாகக் கொள்கிறது. தரவு அழிந்தாலும் இழப்பீடு கோரலாம். 2026 டிசம்பர் 9ஆம் திகதிக்குப் பின் சந்தைக்கு வருபவற்றுக்கு அது பொருந்தும். தொழில்சார் தரவுகள் அதில் அடங்கா. எம் போன்ற பத்திரிகைக்காரர்கள் பாடு பழையபடிதான். ஆயினும் பாரிஸ் லா சப்பலில் இருக்கும் தமிழர் தம் பிள்ளையின் படங்களுக்காக அதைக் காட்டி வழக்காடலாம். வவுனியாவில் அதே கணினியை வைத்திருக்கும் அவருடைய தமக்கையாருக்கு அந்தப் பணிப்புரை பொருந்தாது.