அணை கட்டியவனுக்கு வழி இல்லையா?

சைக்கிளில் ஊர் சுற்றுவதைப் பற்றிக் கட்சிப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விலைவாசி இருக்கிறது, கூலிப் பிரச்சினை இருக்கிறது, இவர்களுக்கு உல்லாசப் பயணம் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்கலாம். கேட்கட்டும். தொழிலாளிகளைச் சிறைக்கு அனுப்பிய உல்லாசம் இது என்று சொன்னால் அவர்களே மேலே படிப்பார்கள்.

இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே, பீக் மாவட்டம் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. மரங்கள் அதிகம் கிடையா. கரிய சதுப்பு மண்ணும், ஹெதர் என்ற குத்துச்செடியும், ஓயாத காற்றும்தான். 'மூர்' என்பார்கள் அவ்வூர் மக்கள். அந்த மேட்டின் மடிப்புகளில் அணை கட்டி நீரைத் தேக்கியிருக்கிறார்கள். டெர்வென்ட் பள்ளத்தாக்கில் மட்டும் ஹவ்டன், டெர்வென்ட், லேடிபவர் என ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நீர்த்தேக்கங்கள். வார இறுதியிலும் பொது விடுமுறை நாட்களிலும் ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்துக்கு மேலே கரையோரச் சாலையில் மோட்டார் வண்டிகள் போகக்கூடாது. எதிர்க்கரையில் மண் பாதை. குழந்தையையும் கூட்டிக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு அஞ்சாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மிதித்துப் போகலாம்.

வடக்கே லாங்டென்டேலில் இன்னொரு வேடிக்கை. 1981ல் இரயில் நின்றுபோன தடத்தை 1992ல் நடப்பவர்க்கும் சைக்கிள்காரர்க்கும் பாதையாக்கினார்கள். பக்கத்தில் வரிசையாக மான்செஸ்டரின் குடிநீர்த் தேக்கங்கள். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கச் சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போகும்; இந்தப் பக்கம் பழைய இரயில் தடத்தில் சைக்கிள் சங்கிலியின் ஓசை மட்டும் கேட்கும். இரயில் போனது நல்லதா என்று கேட்டால் நாம் 'இல்லை' என்றுதான் சொல்வோம். அது வேறு கதை.

இந்த அழகெல்லாம் யார் உழைப்பு? டெர்வென்ட் பள்ளத்தாக்கு நீர் வாரியம் 1899ல் சட்டத்தால் அமைந்தது. ஹவ்டன் அணை 1901லிருந்து 1912 வரையும், டெர்வென்ட் அணை 1902லிருந்து 1916 வரையும் கட்டப்பட்டன. கல் சுமந்தவர்களும் மண் வெட்டியவர்களும் குடும்பத்தோடு குடியிருக்க பர்ச்சின்லீயில் தகரத்தால் ஒரு ஊரே எழுப்பினார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாராயக் கடையும் இருந்த அந்த ஊரை 'தகர நகரம்' என்றே அழைத்தனர். வேலை முடிந்ததும் ஊரைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். பின்னர் 1935ல் லேடிபவர் அணை துவங்கியது. டெர்வென்ட், ஆஷாப்டன் என்ற இரண்டு கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. செத்தவர்களின் எலும்பைக்கூடத் தோண்டி எடுத்து வேறு ஊரில் புதைக்க வேண்டியதாயிற்று. ஷெஃபீல்டும் டெர்பியும் நாட்டிங்ஹாமும் லெஸ்டரும் அந்தத் தண்ணீரைக் குடித்தன.

தண்ணீர் நகரத்துக்கு வந்தது. நகரத்தான் தண்ணீரண்டை போகலாமா? கூடாது! மூர் நிலம் பிரபுக்களின் வேட்டைக்காடு. கிரவுஸ் என்ற காட்டுப் பறவையை ஆகஸ்டு 12ந் தேதி முதல் சுடத் துவங்குவார்கள் கனவான்கள். சில நாள் சூட்டுக்காக ஆண்டு முழுதும் காவல். இன்னொரு பக்கம் நகரசபைகளும் நீர் வாரியங்களும் 'ஜனங்கள் நடமாடினால் தண்ணீர் கெட்டுப்போகும்' என்று கதவைச் சாத்தின. தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரபு மட்டுமல்ல, மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஸ்தாபனமும் மக்களை வெளியே நிறுத்தியது. சொத்து பொதுவாகிவிட்டால் உரிமை தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரவில்லையே!

சைக்கிள் இந்தக் கதையில் எப்போது நுழைகிறது? 1890களில் விலை இறங்கி, தொழிலாளி கைக்கு எட்டியபோது. 1894ல் பர்மிங்ஹாமில் சில வாலிபர்கள் கிளேரியன் சைக்கிள் சங்கத்தைத் துவக்கினர். 'கிளேரியன்' என்பது ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய சோஷலிஸ்டு பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை கிராமம் கிராமமாக மிதித்துப் போய்ப் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் கொடுத்து, பேசிவிட்டுத் திரும்புவார்கள். வழியில் சந்தித்தால் ஒருவர் 'பூட்ஸ்!' என்பார், மற்றவர் 'ஸ்பர்ஸ்!' என்பாராம். கேரியரில் பத்திரிகைக் கட்டு கட்டிச் சென்ற நம் தோழர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. 2021ல் தன் விதிகளிலிருந்து 'சோஷலிசம்' என்ற சொல்லை எடுத்துவிட்டதாம். சைக்கிள் மட்டும் மிச்சம்!

இனி 1932க்கு வருவோம். கின்டர் ஸ்கவுட் என்ற உயர்ந்த மூர் டெவன்ஷயர் டியூக்குக்குச் சொந்தம். ஏப்ரல் 24ந் தேதி அதன்மேல் கூட்டமாக ஏறுவது என்று தொழிலாளர் விளையாட்டுச் சங்கத்து வாலிபர்கள் அறிவித்தனர். முன்நின்றவர் பென்னி ராத்மன். வயது இருபது, வாலிபக் கம்யூனிஸ்டு. மான்செஸ்டர் ஸ்டேஷனில் போலீஸ் அவருக்காகக் காத்திருந்தது. அவர் இரயிலேறவே இல்லை. சைக்கிளை எடுத்தார், ஹேஃபீல்டுக்கு மிதித்தே போய்ச் சேர்ந்துவிட்டார்! அங்கே திரண்டவர்கள் சுமார் 400 பேர் என்று அன்றைய பத்திரிகை எழுதியது. கின்டர் நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே நடந்து மேலே ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு, ஒரு காவலாள் காயமடைந்தார். ஐந்து வாலிபர்களுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். பிறர் நிலத்தில் நடப்பது அந்நாட்டில் கிரிமினல் குற்றமே அல்ல. ஆகவே கலகக் கூட்டம் என்று வழக்கைச் சோடித்தார்கள். மரியாதைக்குரிய நடைச் சங்கங்கள் 'இது நம் காரியத்தைக் கெடுக்கும்' என்று ஒதுங்கிக்கொண்டன. எந்த நாட்டில்தான் ஒதுங்காதவர்கள் இருந்தார்கள்!

கெட்டதா? 1949ல் தேசியப் பூங்காச் சட்டம். 1951ல் பீக் மாவட்டமே முதல் தேசியப் பூங்கா. 2000த்தில் மலையிலும் மூரிலும் கால்நடையாகத் திரியும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. 2002ல் அன்றைய டெவன்ஷயர் டியூக்கே, தன் பாட்டனார் காலத்துச் செயலுக்கு மேடையேறி மன்னிப்புக் கேட்டார்.

கால்நடையாக என்று சொன்னோம். அங்கேதான் முள் இருக்கிறது. 2000த்துச் சட்டம் கொடுத்த உரிமை நடப்பவர்க்கு மட்டும். சைக்கிள் உள்ளே வரக்கூடாது. 1968ல் வந்த சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தது. அதிலும் நடப்பவர்க்கும் குதிரைக்காரர்க்கும் வழிவிட்டே போக வேண்டும். அது நியாயமே. ஆனால் இங்கிலாந்தின் பொதுவழிகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில்தான் சைக்கிளுக்கு உரிமை. கின்டருக்குச் சைக்கிளில் வந்தவன் போராடித் திறந்த கதவில் சைக்கிளுக்குத் தடை!

நீர்த்தேக்கக் கரைகளிலும் இதுவே தொல்லை. 1989ல் தாட்சர் அம்மையாரின் சர்க்கார் நீர் வாரியங்களைக் கம்பெனிகளுக்கு விற்றது. அணையோடு கரையும் போயிற்று. கரையோரப் பாதைகள் பல உரிமைப் பாதைகள் அல்ல, உடையவர் இசைவில் நடப்பவை. இன்று கதவு திறந்திருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. திறந்து வைத்தவரே நாளை சாத்தினால் கேட்க நமக்கு எந்தச் சட்டம்? அதுதான் கேள்வி.

சைக்கிள் சக்கரம் சதுப்பு மண்ணை அறுக்கும் என்பார்கள். உண்மைதான். ஈரக் காலத்தில் சில தடங்களை மூடட்டும், கல் பாவட்டும். நடப்பவர் மிரளுகிறார் என்பார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லட்டும், நாமும் சொல்கிறோம். ஆனால் இந்தச் சாக்குகள் ஸ்காட்லாந்தில் ஏன் எடுபடவில்லை? அங்கே 2003ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலத்தில் உரிமை தந்தது, சைக்கிளையும் சேர்த்தே. மூர் அங்கேயும் மூர்தான். மழை அங்கே இன்னும் அதிகம்.

டெர்வென்ட் கிராமம் மூழ்குமுன் அதன் பழைய கல் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து வைத்து, 1959ல் ஹவ்டன் தேக்கத்துக்கு மேலே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் மறுபடி கட்டினார்கள். அங்கிருந்து 'கட் கேட்' என்ற வழி மூரைத் தாண்டி லாங்செட் நீர்த்தேக்கத்துக்கு இறங்குகிறது. பள்ளத்தாக்குக் குடியானவர்கள் ஒரு காலத்தில் பெனிஸ்டன் சந்தைக்குப் போன வழி. அதனாலேயே இன்று குதிரைப் பாதை, சைக்கிளுக்கு உரிமை உண்டு. சந்தைக்குப் போனவன் காலடி பட்ட அந்த அகலத்துக்குத்தான் உரிமை. அதைவிட்டு மூரில் இறங்கினால், நடப்பவர் போகலாம், சைக்கிள்காரருக்கு உரிமை இல்லை. 2000த்துச் சட்டத்தின் அந்தத் தடையை எடுக்கும்படி அங்குள்ள தொழிற்சங்கங்களும் தொழிற்கட்சித் தோழர்களும் பார்லிமெண்டில் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.