முஸாஃபிருக்கு ஓர் அறை: நாம் மறந்துவிட்ட வக்ஃபு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 60 நாட்களுக்கு முன்பே பதிவு செய்து, மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சென்னைக்குப் புறப்படுகிறோம். பிள்ளைகளுக்குக் கடற்கரையைக் காட்ட, பெரியவர்களுக்கு மருத்துவம் பார்க்க, கல்லூரியில் சேர்க்க, உம்ரா செல்பவர்களை வழியனுப்ப எனக் காரணங்கள் பல. ரயிலுக்கு இவ்வளவு திட்டமிடும் நாம், எங்கே தங்குவது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம்.

முன்பு இந்தக் கவலை இல்லை. மண்ணடியில் மாமா வீடு, திருவல்லிக்கேணியில் சாச்சா வீடு என்று பாய் விரித்துப் படுத்தோம். இன்று அந்த உறவினர்களே இரண்டு அறை வாடகை வீட்டில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். ஆறு பேராகப் போய் நிற்க மனம் வருவதில்லை.

எனவே லாட்ஜைத் தேடுகிறோம். ரயில் எழும்பூரை அடைவது காலையில். பல லாட்ஜ்களில் நாள் கணக்கோ நண்பகல் 12 மணிக்கு. சில மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடுகிறது. 24 மணி நேரக் கணக்கா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தனி ஆண்களுக்கானவை. பெண்களோடு போனால் பயனில்லை. ஆன்லைனிலோ கூட்டம் கூடக்கூட வாடகை ஏறுகிறது. போலித் தளங்களில் முன்பணம் கட்டி ஏமாறுவோரும் உண்டு.

வரியையும் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18-ல் நீக்கப்பட்டு 12 சதவீதம் விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 7500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வரி குறைந்தாலும், விடுமுறைக் காலத்தில் அடிப்படை வாடகையே உயர்ந்துவிடுவதால் ஏழைக் குடும்பத்துக்கு அந்தச் சலுகை தெரிவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் விடை வைத்திருந்தார்கள். மேல்விஷாரத்து வணிகரான நவாப் சி. அப்துல் ஹக்கீம், தம் தந்தையின் பெயரால் சென்னை சென்ட்ரல் நிலையம் அருகே சித்தீக் சராயை எழுப்பினார். வெளியூர் முஸாஃபிர்கள் தங்குவதற்கான இடம் அது. அதன் பிறகு சமுதாயம் எத்தனையோ திருமண மண்டபங்களைக் கட்டியிருக்கிறது. சராய்களை எண்ணிப் பார்த்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவராக வழிப்போக்கரையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் செயல்களில், வழிப்போக்கருக்காகக் கட்டிய வீடும் ஒன்று என்பது இப்னு மாஜாவில் வரும் நபிமொழியின் கருத்து. விடுமுறைப் பயணத்துக்கு ஜகாத் பணம் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வசதியுள்ளவர் தம் செலவைத் தாமே செய்யட்டும். நியாயமான வாடகையில், பெண்களும் குழந்தைகளும் பாதுகாப்பாகத் தங்கும் இடம் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சட்டத்திலும் வழி இருக்கிறது. சமய வளாகங்களில் பதிவு பெற்ற அறக்கட்டளைகள் நடத்தும், நாளொன்றுக்கு 1000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு விலக்கு தொடர்கிறது என்று 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு விளக்கியது. அமிர்தசரஸ் பொற்கோயில் சராய்களுக்கு வரி வருமோ என்று சீக்கியர்கள் குரல் எழுப்பியதால் கிடைத்த விளக்கம் அது. அவர்களிடம் சராய்கள் இருந்தன, அதனால் கேட்டார்கள். நம்மிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

உடனடியாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. விடுமுறையில் காலியாகும் நம் கல்லூரி விடுதிகளில் சில அறைகளை, ஜமாஅத் கடிதத்தின் பேரில் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் தரலாம். சென்னையில் இதைக் கேட்கும் நாம், குற்றாலச் சீசனுக்கு வருவோருக்கு நெல்லை, தென்காசிப் பகுதியில் அதையே செய்து காட்ட வேண்டும். அருவியில் திடீரென வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதிக்கப்படும்போது, அதிக வாடகை கொடுத்துத் தங்கியவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது, மதம் பார்க்காமல் பள்ளிவாசல்களையும் மண்டபங்களையும் திறந்துவிட்டோம். இடமும் மனமும் நம்மிடம் இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. வெள்ளத்தில் திறந்த கதவு விடுமுறையிலும் திறக்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேச வேண்டும். அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக!