வேகமும் வெப்பமும்

கணினியில் விளையாட்டுக்களை ஆடி மகிழும் மாணவருள் பலர், அதன் செயலியை உற்பத்தியாளர் குறித்த வேகத்திற்கும் மேலாக ஓடச்செய்ய விரும்புகின்றனர். 'ஓவர்குளொக்கிங்' என வழங்கும் இம்முறை தகுமா என்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மாணவர் ஒருவர் நம்மை வினவியுள்ளார். கொழுந்து பறித்து ஈட்டிய பணத்தில் வாங்கிய கணினி ஒன்றே வீட்டில் உண்டென்றும், பாடத்திற்கும் ஆட்டத்திற்கும் அதுவே துணையென்றும் எழுதியுள்ளார். ஆதலின், இவ்வினாவை விளையாட்டாக எண்ணி ஒதுக்குதல் முறையன்று.

செயலி உட்கொள்ளும் மின்சக்தி ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அவ்வெப்பம் வேகம் கூடும் அளவிற்குக் கூடும். மின்னழுத்தம் கூடினாலோ, அதன் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். வேகத்தை மட்டும் நூற்றுக்கு 10 பங்கு உயர்த்தினால் வெப்பமும் ஏறக்குறைய 10 பங்கே உயரும். அவ்வேகத்தைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தையும் 10 பங்கு உயர்த்தினாலோ, வெப்பம் ஏறத்தாழ 33 பங்கு மிகும். பெற்ற வேகம் பத்து. செலுத்திய விலை முப்பத்து மூன்று!

பெரும் நிறுவனங்களும் இக்கணக்கிற்குத் தப்பவில்லை. வேகத்தையே நாடிச் சென்ற இன்டெல் நிறுவனம், 4 கிகாஹேட்ஸ் வேகமுடைய பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை 2004 ஆம் ஆண்டிற் கைவிட்டது. வெப்பத்தின் தடையை உணர்ந்தே, ஒரே செயலியிற் பல கருக்களை அமைக்கும் வழிக்குத் தொழிற்றுறை திரும்பிற்று.

இனி, வெப்பத்தை அகற்றும் வகையைக் காண்போம். தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை வாட்டும்பொழுது விசிறிகள் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் போக்குதலை நம்மவர் அறிவர். மழைக்காலத்து ஈரக்காற்றை எத்துணை செலுத்தினும் கொழுந்து எளிதில் வாடாது. ஆடி, ஆவணியில் ஊவாவில் வீசும் வறண்ட காற்றிலோ விரைந்து வாடும். விசிறியின் வலிமையினும் காற்றின் தன்மையே முதன்மையானது. கணினிக்கும் இஃது ஒக்கும். அறைக் காற்றினும் குளிர்ந்த நிலைக்குச் செயலியை எவ்விசிறியும் கொண்டுசெல்லாது. 20 பாகை செல்சியஸ் உள்ள மலைநாட்டு அறையில் இயங்கும் கணினி, 32 பாகையுள்ள கரையோர அறையில் இயங்குவதைவிட ஏறக்குறைய 12 பாகை தணிந்திருக்கும். ஆயினும், அதனைச் சுவரோடு ஒட்டியோ அலுமாரிக்குள்ளோ வைத்தால், வெளியேறிய வெப்பக்காற்றே மீண்டும் உட்புகும், மலைக்குளிரால் பயனில்லை.

செய்ய வேண்டியவை இவை. முதலில் விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் படிந்த தூசியை நீக்குக. செயலிக்கும் தகட்டிற்கும் இடையேயுள்ள வெப்பக் களிம்பு உலர்ந்திருப்பின், பழையதைத் துடைத்துவிட்டு மெல்லியதாகப் புதிது இடுக. முன்புறம் காற்று புகவும் பின்புறம் வெளியேறவும் வழி செய்க. பின்னர், கடும் வேலை கொடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. அதன்மேலேயே வேகத்தை 100 மெகாஹேட்ஸ் வீதம் உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதிக்க. கணினி தடுமாறினால், மின்னழுத்தத்தை ஏற்றாது ஒரு படி கீழிறங்குக. இக்காலச் செயலிகள் பலவற்றிற்கு 90 முதல் 100 பாகை வரை உச்ச எல்லை உண்டு. அதனை எட்டியதும் அவை தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பொழுது, வேகம் தேடிய முயற்சி வேகக்குறைவிலே முடியும்.

வெப்பமானி காட்டாத தீங்கும் ஒன்றுண்டு. தனது 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளுட் சில நிலைகுலைந்தமைக்கு மிகையான மின்னழுத்தமே காரணமென இன்டெல் 2024 ஆம் ஆண்டில் அறிவித்து, உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீடித்தது. ஆனால், தாமே வேகத்தை உயர்த்தியவர்க்கு உத்தரவாதம் பொதுவாகக் கிட்டாது.

ஆகவே, வினவிய மாணவர்க்கு நம் விடை இது: தூசியை நீக்குதலும், களிம்பு மாற்றுதலும், காற்றிற்கு வழிவிடுதலும் சிறு செலவில் ஆவன, அவற்றை இன்றே செய்க. அவற்றால் தணிந்த கணினி, தனக்குரிய வேகத்தை இடையறாது தரும். மின்னழுத்தத்தில் மட்டும் கை வையாதிருத்தல் நலம். பரீட்சை நெருங்கும் வேளையில் வீட்டின் ஒரே கணினி பழுதுற்றால், ஆட்டத்தில் ஈட்டிய சில வெற்றிகள் அதற்கு ஈடாகா.