வானத்தின் மீதா வழக்கு?



ஐப்பசி பிறந்துவிட்டால் தாம்பரத்து மக்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். மழை எப்போது வரும் என்று அறிய. ஆளுவோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்; வெள்ளம் வந்தால் பழியை எங்கே போடுவது என்று அறிய!

"வரலாறு காணாத மழை, நாங்கள் என்ன செய்வோம்?" என்பது ஒரு வாதம். "வானிலை நிலையம் முன்கூட்டிச் சொல்லவில்லை" என்பது மற்றொன்று. இரண்டையும் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

2021 டிசம்பர் 30 அன்று எதிர்பாராத பெருமழை சில மணி நேரத்தில் சென்னையை மிதக்க விட்டது. முன்னறிவிப்பு தவறியது உண்மை. முதலமைச்சர் மைய உள்துறை அமைச்சருக்குக் கடிதமே எழுதினார். ஆனால் இடிமழையின் இயல்பு என்ன? இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிறந்து, பொழிந்து, மறைந்துவிடும். பல்லாவரத்தில் கொட்டும்போது வண்டலூரில் தூறலும் இராது. எந்தத் தெருவில் பெய்யும் என்று முதல்நாளே உரைக்க வல்ல விஞ்ஞானி உலகில் எங்குமில்லை. ஆயினும், மேகம் திரண்டதும் ராடார் காட்டிவிடும். துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் ராடார்கள் நிறுவப்பட்டிருக்கின்றன. அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலை நிலையம் வெளியிடுகிறது.

மூன்று மணி நேரம்! கைக்குழந்தையோடு மாடியேற, அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்ற, அது போதும். ஆனால் அந்த எச்சரிக்கை குடிசையின் கதவைத் தட்டுகிறதா? அலுவலகத்து மேசையோடு நின்றுவிடுகிறதா? அதுவன்றோ கேள்வி!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை என்று பொருள். ஒரு சதுர கிலோமீட்டரில் 20 செ.மீ. பெய்தால் 20 கோடி லிட்டர் தண்ணீர். வானிலையாளர் சொல்வது வானம் தரும் கணக்கு. வாசற்படியில் எத்தனை அடி நிற்கும் என்பது பூமியின் கணக்கு. அதைச் சொல்ல வேண்டியவர் யார்? ஏரிக்கும் கால்வாய்க்கும் பொறுப்பேற்றவர் அல்லரோ?

2015 டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறியது. பெருமழைதான்; மறுக்கவில்லை. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் நவம்பர் நடுவிலேயே ஒருமுறை மூழ்கியிருந்தனவே! தரையே தந்த அந்த முன்னறிவிப்பைப் படித்தவர் யார்? 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அவ்வெள்ளத்தை மனிதர் விளைவித்த பேரழிவு என்றே கூறிற்று. வானம் அன்றே விடுதலையாகிவிட்டது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முன்னறிவிப்பு இருந்தது. இருந்தும் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. அறிவிப்பு தவறினாலும் வெள்ளம், தவறாவிட்டாலும் வெள்ளம்! அப்படியானால் குற்றவாளி வானத்தில் இல்லை, தோழர்களே, தரையில் இருக்கிறான்.

சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வைத்து, மிகுநீரைப் பள்ளிக்கரணைக்கு அனுப்பினார்கள் நம் முன்னோர். அவர்களிடம் ராடார் இல்லை. பள்ளம் எது, மேடு எது என்ற அறிவு இருந்தது. பின்வந்தோர் வாய்க்காலை மனையாக்கினர். சதுப்பில் குப்பை கொட்டினர். அதற்கு முத்திரையும் குத்தினர். எஞ்சிய சதுப்பில் 1,247 ஹெக்டேர் 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் நிலமாயிற்று. பட்டம் கிடைத்தது, பறிபோன வழிகள் கிடைத்தனவா?

ஆட்சி எவர் கையில் இருப்பினும் நம் கோரிக்கை இதுவே. வார்டு வாரியாக எச்சரிக்கை வரட்டும். ஏரி திறக்கும் நேரமும் அளவும் தெருத்தெருவாய் ஒலிபெருக்கியில் ஒலிக்கட்டும். மூடிய வாய்க்கால் திறக்கட்டும். அங்கே குடியேறிய ஏழைக்கு அருகிலேயே மாற்று வீடு தந்த பின் திறக்கட்டும். பெரிய கட்டடத்துக்கு ஒரு நீதி, குடிசைக்கு ஒரு நீதி வேண்டா!

நமக்கும் வேலை உண்டு. உங்கள் தெருவின் தண்ணீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, தனித்து வாழும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார்? ஒவ்வொரு கிளையும் மழைக்கு முன்பே எழுதி வைக்கட்டும். வெள்ளம் வந்தபின் சோற்றுப் பொட்டலம் கொடுப்பது தொண்டு; வருமுன் வழி கேட்பது அரசியல்.

மேகம் திரளுமுன் நாம் திரள்வோம்!