அந்தக் கம்பிச் சீட்டைக் கழற்றுங்கள்!

“மூத்தவன் இதில் உட்கார்ந்துதான் வளர்ந்தான். அவனுக்கு என்ன ஆகிவிட்டது?”

தாடிக்கொம்பிலிருந்து காலை ஷிப்டுக்குப் புறப்படும் மில் தொழிலாளியிடம், மொபெட்டின் முன்னால் மாட்டியிருக்கும் பழைய குழந்தைச் சீட்டைக் காட்டிப் பேச்செடுத்தால் வருகிற பதில் இதுதான். பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு நாற்று நடப் போகும் கூலித் தோழர்களும் இதையே சொல்கிறார்கள்.

ஒன்றும் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்? வண்டி இதுவரை மோதவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான்! மூடி இல்லாத பல்சக்கரத்தைக் காட்டி, “இத்தனை வருஷமாக ஒருவன் கையும் போகவில்லையே” என்று மேஸ்திரி சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? மூடி போடும் வரை மெஷினைத் தொட மாட்டோம் என்று சங்கத்தைக் கூட்டுவோம். மில்லில் நம் விரலுக்காகப் பேசுகிற நியாயத்தைக் கரூர் சாலையில் நம் பிள்ளையின் தலைக்காக ஏன் பேசுவதில்லை?

சீட்டை உற்றுப் பாருங்கள், தோழரே. அண்ணன் பிள்ளை உட்கார்ந்தது, பிறகு உங்கள் மூத்தவன், இப்போது சின்னவள். பற்றவைத்த இடத்தில் துரு. பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டது. பெல்ட்டின் கொக்கி எப்போதோ போய்விட்டது; அதற்குப் பதில் ஒரு துண்டு! 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதுவது, பிள்ளை சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தலை. அந்தத் தலைதான் முந்திப் பாயும். முன்னே ஹேண்டில்பார், பின்னே தகப்பனின் 60 கிலோ உடம்பு. நடுவில் நசுங்குவது யார்? இதே மாதிரி முன்சீட்டைப் புதிதாக வாங்கி மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாற்று உண்டு. 2022 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதி ஓராண்டு கழித்து அமலுக்கு வந்தது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளையை, ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் தோள்பெல்ட்டில் கட்ட வேண்டும். பெல்ட் கெட்டி நைலானில், 30 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும். தலைக்குச் சரியான அளவில் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அப்பாவின் பழைய ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்ப்பது வேலைக்காகாது. மோதும் முன்பே அது கழன்று ஓடும். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டும் உதவாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறைதான் நசுங்கிக் காப்பாற்றும், மறுபடி உப்பாது.

“எல்லாம் தலைவிதி” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் மாண்டவர் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் இல்லாமல் மாண்டவர் மட்டும் 50,029. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கத் தவறாத நாம், அதில் ஏறும் பிள்ளைக்கு ஒரு பெல்ட் வாங்கத் தவறுகிறோம்.

காசு? உண்மை. பெல்ட்டும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். இங்கேதான் ஆள்வோரைக் கேட்க வேண்டியிருக்கிறது. டி.வி.எஸ். 50 விற்பனைக்கு வந்தது 1980-ல். பிள்ளைக்கான விதி வந்தது 2022-ல். 42 வருஷம் குடும்பத்தோடு போகலாம் என்று வண்டியை விற்றார்கள். குடும்பத்தின் கடைக்குட்டி எங்கே உட்காரும் என்று சர்க்கார் கேட்கவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் காரில் போகும் குழந்தைக்குப் பாதுகாப்புச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1978-லேயே அமலாகிவிட்டது. நம்மிடமோ விதியை எழுதிய கை, 2024-லும் உயிர் காக்கும் ஹெல்மெட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலித்தது! தப்பினால் 1,000 ரூபாய் அபராதமாம். அபராதம் போடத் தெரிந்தவர்களுக்கு மலிவு விலையில் கொடுக்கத் தெரியாதா?

இன்னொன்று. 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. மில் வாசலில் அது ஒழுங்காக நடந்திருந்தால், தாய் ஷிப்டுக்கு வரும்போதெல்லாம் பிள்ளை அரைத் தூக்கத்தில் வேறொரு ஊருக்குச் சவாரி போக வேண்டியிருக்காது.

ஆகவே பெல்ட், ஹெல்மெட்டுக்கு மானியம், மில்லில் காப்பகம் – இரண்டையும் சங்கக் கூட்டத்தில் வையுங்கள். மகஜர் எழுதுங்கள். ஆனால் மகஜருக்குப் பதில் வரும் வரை பிள்ளை அந்தக் கம்பியில் உட்கார்ந்திருக்க வேண்டாம். போனஸ் வரட்டும், தீபாவளி வரட்டும் என்று தள்ளாதீர்கள். வாங்கும் வரை பிள்ளை பஸ்ஸில் போகட்டும்.

ஸ்பானரை எடுத்து இன்றே கழற்றுங்கள். கழற்றியதைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் போடுவதானாலும் பெல்ட்டை அறுத்து, கம்பியை வளைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே வேறொரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை அதில் உட்கார்ந்திருக்கும்.