தாரா எங்கே நிற்க வேண்டும்?

ஒரு சிலையைப் பற்றியோ ஓவியத்தைப் பற்றியோ கதைக்கத் தொடங்கினால் நாங்கள் முதலில் கேட்கிறது, "இதுக்கு என்ன அர்த்தம்?" எண்டுதான். அது எங்க வைக்கப்பட்டிருக்கு எண்டு கேட்கிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும். ஒரு படைப்புக்கு முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இடம்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறது.

நடராசரை எடுங்கோ. கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியிருக்கும். தீபம் காட்டும்போது முகம் மட்டும் தெரியும், கை தானாகக் கும்பிடும். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறார். அங்க பட்டு இல்லை, பூ இல்லை. விரல்களின் வளைவும் தூக்கிய காலின் லாவகமும் அப்போதுதான் கண்ணில் படும். ஆனா கும்பிடுறதா, சும்மா பார்த்திட்டுப் போறதா எண்டு கை தடுமாறும். ஒரு இடம் காட்டுறதை மற்ற இடம் மறைக்குது.

இதைவிடச் சிக்கலானது தாராவின் கதை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்த, பொன் பூசிய வெண்கலச் சிலை. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு. உயரம் 143 சென்ரிமீற்றர். மகாயான பௌத்தர்கள் வணங்கிய கருணைத் தெய்வம். இலங்கையில் ஆளுநராக இருந்த றொபேட் பிறவுண்றிக் 1830இல் அதை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். மேலுடம்பில் துணி இல்லாத பெண் உருவத்தைப் பொதுமக்கள் பார்க்கக்கூடாது என்று ஏறத்தாழ முப்பது வருடம் அதை உள்ளே பூட்டி வைத்தார்கள். படித்த ஆட்கள் மட்டும் கேட்டுப் பார்க்கலாம்! இண்டைக்கு அதே மியூசியம் அதைத் தன் பெருமைகளில் ஒன்றாகக் காட்டுகிறது. கொழும்பில் இருக்கிறது ஒரு பிரதி.

வணங்கிய தெய்வம், மறைக்க வேண்டிய உடம்பு, உலகக் கலைச் செல்வம். சிலையில் ஒரு விரல்கூட மாறவில்லை. மாறினது அது நிண்ட இடமும், அதைப் பார்த்த ஆக்களும்.

"திருப்பித் தா" என்று கேட்பது நியாயம்தான். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் தந்தால் எங்க வைக்கிறது? கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது 'தேசியச் சொத்து'. கிழக்கில் புதுசா ஒரு விகாரை கட்டி வைத்தால், அடுத்த நாளே காணிப் பிரச்சினை. புத்தர் சிலை முளைக்கிற இடத்தில் காணி போகும் என்ற பயம் எங்கட சனத்துக்குச் சும்மா வரவில்லை. அந்தப் பயத்தோடு பார்க்கிற கண்ணுக்கு தாராவின் கருணை தெரியாது, எல்லைக்கல்தான் தெரியும். அதேநேரம், மணிமேகலையைத் தந்த மொழி எங்கடது. பௌத்தம் ஒரு காலத்தில் தமிழர்களுக்கும் சொந்தமாக இருந்தது என்பதை இந்தப் பயம் மறக்கச் செய்கிறது.

என்னுடைய விருப்பம் இதுதான்: தாரா கிழக்குக்கே வரட்டும். விகாரைக்கு அல்ல, ஒரு நூதனசாலைக்கு. மூன்று மொழியிலும் விளக்கம் இருக்கட்டும். அதில் ஆண்டும் உலோகமும் மட்டும் போதாது; யார் கொண்டு போனது, ஏன் பூட்டி வைத்தது, ஏன் திரும்பி வந்தது என்பதும் வேண்டும். கும்பிட வாறவர் கும்பிடட்டும், வரைய வாற பிள்ளை நிலத்தில இருந்து வரையட்டும். இவள் ஆருடைய ஆள் எண்டு தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரைக்குக் கீழ நிண்டு வாதாடட்டும்.

அப்படி ஒரு இடத்தை நாங்கள் இன்னும் கட்டவில்லை. சிலையைக் கேட்கிற குரலோடு அந்த இடத்தையும் சேர்த்துக் கேட்க வேணும்.